சுளுக்கு ஆறியும் கணுக்கால் முழுசா மடங்கல: கையால் செய்யும் சிகிச்சை எதுவரைக்கும் உதவும்?

மாடிப்படி

எல்லாருக்கும் வணக்கம். ஷட்டில் ஆடும்போது வலது பாதம் உள்பக்கமா பிரண்டு சுளுக்கிடுச்சு. வீக்கம் வடிஞ்சாச்சு. எக்ஸ்ரேல முறிவு இல்லைன்னுட்டாங்க. சமதளத்துல நடந்தா ஒண்ணும் தெரியல. ஆனா மாடிப்படி இறங்கும்போது கணுக்காலுக்கு முன்பக்கம் ஏதோ முட்டி நிக்குது. குத்துக்காலிட்டு உக்காந்தா வலது குதிகால் மட்டும் தானா தூக்கிக்குது.

பிசியோகிட்ட போயிட்டிருக்கேன். என்னை மல்லாக்க படுக்க வச்சு, கணுக்கால் மடிப்புல கையை வச்சு பின்னால அமுக்கி அமுக்கி விடறார். எழுந்து நடந்தா கால் லகுவா இருக்கு. மறுநாள் காலைல வேதாளம் திரும்ப முருங்கை மரம் ஏறிடுது. இது நிஜமாவே ஏதாவது பண்ணுதா, இல்ல யாராவது தடவிக் கொடுத்தா சுகமா இருக்குமே, அவ்வளவுதானா?

வெறும்கால்

சுளுக்குதானே சார். விட்டா தானா சரியாகும். நான் ஒண்ணுமே பண்ணல, இப்ப ஓடறேன்.

வாணி_இயன்முறை

@வெறும்கால் உங்களுக்கு சரியானதுல சந்தோஷம். ஆனா சுளுக்கினவங்கள்ல கணிசமான பேருக்கு இறுக்கமோ, கால் பிசகிடுமோங்கற பயமோ மாசக்கணக்குல மிச்சம் நிக்கும். 'சுளுக்குதானே'ன்னு விட்டு மறுபடி மறுபடி பிரள்ற கால்களை நான் வேலையில பாத்துக்கிட்டே இருக்கேன்.

@மாடிப்படி, முதல்ல உங்க பிசியோ என்ன பண்றார்னு சொல்லிடறேன். முழங்காலுக்குக் கீழ இருக்கற ரெண்டு எலும்பும் கவட்டை மாதிரி இறங்கி வந்து, நடுவுல தாலஸ்ங்கற எலும்பைப் பிடிச்சிருக்கும். பாதம் தரையில ஊன்றி இருக்க, முழங்கால் முன்னால போகுதுன்னா அந்தத் தாலஸ் உருள்றதோட கொஞ்சம் பின்னால வழுக்கவும் வேணும். சுளுக்குக்கு அப்புறம் பல பேருக்கு அந்தப் பின்வழுக்கல் குறைஞ்சு போகுது. அவர் அமுக்கறது அதுக்குத்தான்.

ஆனா எல்லா இறுக்கமும் மூட்டோட இறுக்கம் இல்ல. வீட்டுலயே பாருங்க. வெறுங்காலோட சுவரைப் பாத்து நில்லுங்க. குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முழங்காலை மடக்கி சுவரைத் தொடணும். தொட முடிஞ்சா பாதத்தைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க, மறுபடி தொடுங்க. இனி குதிகால் எழும்பாம தொடவே முடியாதுங்கற இடத்துல பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடைவெளி எத்தனை செ.மீ.னு அளந்துக்கோங்க. ரெண்டு காலுக்கும். ஒரு செ.மீ. கிட்டத்தட்ட மூணரை டிகிரிக்குச் சமம். ரெண்டு காலுக்கும் நடுவுல 2 செ.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா அதைக் கண்டுக்கணும்.

அதைவிட முக்கியம், கடைசி எல்லையில எங்க தெரியுதுங்கறது. முன்பக்க மடிப்புல முட்டினா மூட்டுப் பக்கம் சந்தேகப்படலாம். பின்னால ஆடுசதையில இழுத்தா அது தசை. அங்க தாலஸை எவ்வளவு அமுக்கினாலும் பெருசா பலன் இருக்காது. எங்க தெரியுது, அளவு என்னன்னு எழுதுங்க.

மாடிப்படி

அளந்தேன் மேடம். இடது 11, வலது 6. முட்டறது முன்னாலதான், நட்டநடுவுல கொஞ்சம் வெளிப்பக்கமா. பின்னால இழுக்கவே இல்ல. இன்னொண்ணு: அவர் அமுக்கும்போது சில சமயம் மெதுவா, சில சமயம் நல்லா ஆழமா அமுக்கறார். அதுக்குக் கணக்கு ஏதாவது உண்டா? ஒரு தடவை காலைப் பிடிச்சு வெடுக்குன்னு இழுத்தார், 'சடக்'னு கேட்டுச்சு. பயந்துட்டேன்.

வாணி_இயன்முறை

கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிசியோ ஜெஃப்ரி மெய்ட்லண்டோட படிநிலைகளைத்தான் நாங்க பெரும்பாலும் படிச்சோம். 1, 2ம் படி இறுக்கத்தைத் தொடாத லேசான அசைவு. வலி அதிகமா இருக்கற காலுக்கு அதுதான். 3, 4ம் படி இறுக்கத்துக்குள்ள போய் அழுத்தறது. வலி கம்மி, இறுக்கம் ஜாஸ்தின்னா அது. நல்ல கையா இருந்தா, அமுக்கும்போதே எங்க தடுக்குதுன்னு கைக்குத் தெரியும். அந்த இடத்துல நின்னு ஒரே தாளத்துல ஆட்டுவாங்க. முரட்டுத்தனம் தேவையில்ல.

அந்த 'சடக்' அஞ்சாவது வகை, சின்னதா ஒரே வேகத் தள்ளல். சத்தம் மூட்டுத் திரவத்துல வாயுக் குமிழ் உண்டாகறதால வர்றது. எலும்பு இடம் மாறியிருந்து உள்ள போய் உக்காந்ததுன்னு யாராவது சொன்னா நம்ப வேண்டாம். சத்தம் வரலைன்னாலும் சிகிச்சை வீண் இல்ல. ஆனா முன்கூட்டியே சொல்லாம, உங்க சம்மதம் கேக்காம அதைச் செஞ்சிருக்கக் கூடாது. அடுத்த தடவை வேண்டாம்னு தாராளமா சொல்லலாம்.

முட்டற இடம், 5 செ.மீ. வித்தியாசம் ரெண்டையும் பாத்தா கையால செய்யற சிகிச்சைக்கு ஏத்த கால்தான்.

கேள்விக்குறி

உடற்கூறு விளக்கம் சரி. முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். 2008இல் லின் என்பவரும் சக ஆய்வாளர்களும் கணுக்கால் முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிரித்தவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பயிற்சித் திட்டம் மட்டும். மற்றதற்கு அதோடு தாலஸைப் பின்னால் தள்ளும் இதே சிகிச்சை. கடைசியில் நடமாட்டத்தில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. கட்டுப்போட்டு இறுகிய மூட்டுதான் இந்தச் சிகிச்சைக்கு மிகப் பொருத்தமான இடம் என்று நம்பப்பட்டது. அங்கேயே எடுபடவில்லை என்றால் சுளுக்கில் மட்டும் எப்படி?

மேசையிலிருந்து இறங்கியதும் லகுவாக இருப்பது எல்லாருக்கும் நடப்பதுதான். மறுநாள் என்ன என்பதுதான் கேள்வி. அதை இந்த உரையாடலைத் தொடங்கிய மாடிப்படியே எழுதிவிட்டார்.

வாணி_இயன்முறை

நல்ல ஆய்வு அது, நானும் மேற்கோள் காட்டறதுண்டு. முறிவுக்கு அப்புறம் பயிற்சியே பெரும்பாலான வேலையைச் செஞ்சிடுது, சரி. ஆனா சுளுக்குல 2001ல கிரீன் குழு செஞ்சது வேற விதமா வந்துச்சு. 41 பேர், புதுச் சுளுக்கு. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைக்கறது ரெண்டு பிரிவுக்கும் பொது. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடவே வலி வராத அளவுக்குத் தாலஸ் அசைவு. அந்தப் பிரிவு குறைஞ்ச தடவைகள்லயே வலியில்லாம பாதத்தை மடக்கிச்சு. 2004ல காலின்ஸ் குழு பாதி ஆறின சுளுக்குல, நின்ன நிலையில பெல்ட் போட்டுச் செய்யற, மல்லிகன்ங்கற பிசியோ உருவாக்கின முறையைப் பாத்தாங்க. மடங்கற அளவு உடனே கூடிச்சு. வலியைத் தாங்கற எல்லை மாறவே இல்ல. அப்ப வலி மரத்துப் போனதாலதான் மடங்குச்சுன்னு சொல்ல முடியாது.

ரெண்டுமே சின்ன ஆய்வுகள்தான். நீங்க கேட்ட 'மறுநாள்' கேள்விக்கு அதுல பதில் இல்லைங்கறதையும் ஒத்துக்கறேன். என்னைப் பொறுத்தவரை கையால கிடைச்ச அசைவை அதே மணிநேரத்துல காலே பயன்படுத்தலைன்னா அது தங்காது. மேசையை விட்டு இறங்கினதும் சுவர் அளவு எடுக்கணும். கூடியிருந்தா அப்பவே குத்துக்கால் உக்காந்து எழறது, படியில ஒத்தைக்கால்ல நின்னு மறுகாலை மெதுவா கீழ விட்டுத் தொடறது, ஒத்தைக்கால் சமநிலை எல்லாம் செய்யணும். கூடலையா? ரெண்டு மூணு சந்திப்புல ஒரு செ.மீ. கூட நகரலைன்னா அந்த முறையை விட்டுட்டு வேற யோசிக்கணும். அளக்காம மாசக்கணக்குல அமுக்கிக்கிட்டே இருக்கறவங்கமேல கேள்விக்குறிக்கு இருக்கற கோவம் எனக்கும் உண்டு.

@மாடிப்படி, அமுக்கி முடிச்சதும் உங்களை என்ன செய்யச் சொல்றார்?

மாடிப்படி

ஐஸ் வச்சு அனுப்பிடறார் 😐

வாணி_இயன்முறை

சரி, உங்க வேதாளம் எங்கேர்ந்து ஏறுதுன்னு தெரிஞ்சுபோச்சு.

காலைநடை

குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். எனக்குக் குதிகால் வலி. காலைல படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகுது, நடக்க நடக்கக் குறையுது. பிளாண்டார் ஃபேசியைட்டிஸ், அதாவது உள்ளங்கால் பட்டையில வர்ற கோளாறுன்னு சொன்னாங்க. எக்ஸ்ரேல குதிகால்ல முள்ளு மாதிரி எலும்பு வளர்ந்திருக்காம். ஒருத்தர் ஸ்டீல் கருவி வச்சு உள்ளங்காலைச் சுரண்டறார். ஒட்டிக்கிட்டிருக்கறதைப் பிச்சு விடறேன், வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்ங்கறார். உள்ளங்கால் நீலம் பாரிச்சுக் கிடக்கு. தொடரலாமா?

கேள்விக்குறி

வேண்டாம். 2008இல் சௌத்ரி குழுவினர் உள்ளங்கால் திசுப்பட்டையை கணித மாதிரியாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதை ஒரே ஒரு சதவீதம் நசுக்கவோ சரியவைக்கவோ கூட மனிதக் கையால் சாதாரணமாகத் தர முடியாத அளவு விசை வேண்டும். உங்கள் எடை முழுவதையும் நாள்தோறும் தாங்கும் பட்டை அது. கருவியால் பிய்ந்தது தோலடி ரத்தக்குழாய்கள்தான், அதனால்தான் நீலம். அந்த எலும்பு முள்ளுக்கும் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத எத்தனையோ பேர் குதிகாலிலும் அது இருக்கிறது.

வாணி_இயன்முறை

நீலம் பாரிக்கற அளவுக்கு வேண்டவே வேண்டாம், அதுல ஒத்துப் போறேன். ஆனா குதிகால் வலியில கைக்கு வேலையே இல்லைன்னு ஆகிடாது. 2009ல கிளீலண்ட் குழு ரெண்டு பிரிவுக்கும் பயிற்சி கொடுத்து, ஒண்ணுக்குக் கைச்சிகிச்சையும் இன்னொண்ணுக்கு மின்கருவிச் சிகிச்சையும் சேர்த்தாங்க. அன்றாட நடமாட்டத்துல 4 வாரத்துலயும் 6 மாசத்துலயும் கைச்சிகிச்சைப் பிரிவு மேல. அவங்க கை வச்சதுல ஆடுசதையை ஆழமா பிடிச்சு விடறது, குதிகால் எலும்பைப் பக்கவாட்டுல அசைக்கறதெல்லாம் உண்டு.

நான் செய்யறது: குப்புறப் படுக்க வச்சு ஆடுசதையோட உள்பக்க ஓரத்தை மேல இருந்து கீழ கட்டைவிரலால நிதானமா தேடிப் போவேன். சில இடத்துல அழுத்தினா 'அங்கதான், குதிகாலுக்கு ஓடுது'ம்பாங்க. அங்க நிறுத்தி, அழுத்தத்தைக் கூட்டாம, பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டச் சொல்வேன். கொஞ்ச நேரத்துல கைக்கடியில தசை தளர்றது தெரியும். அப்புறம் ஒரு கையால தாலஸைப் பிடிச்சு நிறுத்தி, மறுகையால குதிகாலைக் கிண்ணம் மாதிரி ஏந்தி வெளிப்பக்கமா அசைப்பேன்.

வீட்டுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, முதல் அடி வைக்கறதுக்கு முன்னாடி. உக்காந்து காலைக் குறுக்கே போட்டு, கால்விரல்களைக் கையால முழங்கால் பக்கமா மடக்குங்க. மறுகையால தடவினா உள்ளங்கால் பட்டை கம்பி மாதிரி விறைச்சிருக்கணும். 10 விநாடி, 10 தடவை, நாளுக்கு மூணு வேளை. ரெண்டாவது, டென்மார்க்ல ராத்லெஃப்ங்கற ஆய்வாளர் சோதிச்சது. விரல்களுக்கு அடியில சுருட்டின துண்டை வச்சுப் படிவிளிம்புல ஒத்தைக்கால்ல நின்னு, 3 விநாடி ஏறி, 2 விநாடி நின்னு, 3 விநாடி இறங்கறது. ஒருநாள் விட்டு ஒருநாள். தெம்பு வர வர முதுகுப்பையில கனத்தைக் கூட்டணும். மூணாம் மாசத்துல வெறும் நீட்டல் பயிற்சியைவிட இது நல்லா எடுத்துச்சு. ஒரு வருஷத்துல ரெண்டும் ஒண்ணாயிடுச்சுங்கறதையும் சொல்லிடறேன், இல்லைன்னா கேள்விக்குறி சொல்லிடுவார்.

கேள்விக்குறி

சொல்லத்தான் வந்தேன் 🙂

ஜதி

நான் நடனம் ஆடறவ. சுளுக்குக்கு அப்புறம் பாதத்தோட வெளி ஓரம், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவுல வலி. முன்பாதத்தை ஊன்றி எழும்பினா சுருக்குன்னு குத்துது. 'கியூபாய்டு' எலும்பு நழுவியிருக்கு, ஒரே தட்டுல சரி பண்றேன்னு சொல்றாங்க. செஞ்சுக்கலாமா?

எலும்புக்கூடு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிசியோ நான். அம்மா, கியூபாய்டு தொல்லை நடனக்காரர்களிடம் பார்க்கிறதுதான். 1992இல் மார்ஷலும் ஹாமில்டனும் பாலே ஆடுகிறவர்களை வைத்து எழுதினார்கள். குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இரண்டு கட்டைவிரலையும் உள்ளங்கால் பக்கம் கியூபாய்டின் அடியில் ஊன்றி, காலைச் சாட்டை போலக் கீழே வீசும்போது தள்ளுவது ஒரு முறை. இன்னொன்று, பாதத்தை மெதுவாக முழுக்க நீட்டி, திசுக்கள் தளரும் வரை காத்திருந்து அழுத்துவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். புதுச் சுளுக்கில் வீசினால், கிழிந்த லிகமென்ட்டையும் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) சேர்த்து இழுத்த மாதிரி ஆகிவிடும். 'நழுவியது' என்பதைப் படத்தில் காட்டச் சொன்னால் யாராலும் சுலபமாகக் காட்ட முடியாது. ஆனால் சரியான ஆளுக்குச் செய்தால் அங்கேயே எழும்பி நின்று சிரிப்பார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. நீங்கள் சொல்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஐந்தாம் பாத எலும்பின் அடிப்பகுதி இருக்கிறது. பாதம் பிரளும்போது அது முறிவது சகஜம். யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று சொல்லும், 1992இல் வந்த ஒட்டாவா விதிகளில் அதுவும் ஒரு புள்ளி. அந்த எலும்பு முனை, பாதத்தின் உள்பக்கம் இருக்கும் நேவிகுலர் எலும்பு, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் இரண்டு கணுமுட்டிகளின் நுனி அல்லது பின் ஓரத்தின் கடைசி 6 செ.மீ., இவற்றில் எங்காவது எலும்பின்மேல் அழுத்தினால் வலித்தாலும், சுளுக்கிய உடனேயும் பரிசோதனையின்போதும் நாலு அடி ஊன்றி வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே. படம் எடுத்தீர்களா?

ஜதி

கணுக்காலுக்கு மட்டும்தான் எடுத்தாங்க. பாதத்துக்கு எடுக்கல. நீங்க சொன்ன முனையில அழுத்தினா வலிக்குது சார். முதல்ல அதை எடுத்துட்டு வரேன்.

மகள்_நிலா

இங்க கேக்கலாமான்னு தெரியல. அப்பாவுக்குப் பல வருஷமா சர்க்கரை. இடது பாதம் வீங்கிச் சிவந்திருக்கு, தொட்டா சூடு. வலி பெருசா இல்லைங்கறார், எங்கயும் இடிச்சுக்கிட்டதா ஞாபகமும் இல்ல. மேல இருக்கற மாதிரி பிடிச்சு விட்டா வீக்கம் வடியுமா?

எலும்புக்கூடு

கை வைக்காதீர்கள். நடக்கவும் விடாதீர்கள். இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், நாளைக்கு அல்ல.

சர்க்கரையால் உணர்வு மரத்த பாதம், காரணமில்லாமல் வீங்கி, மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருந்தால் 'சார்கோ பாதம்' என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். எலும்புகள் உள்ளே உடைந்து கொண்டிருக்கும்போதும் அவர் 'வலி இல்லை' என்றுதான் சொல்வார், நரம்பு சொன்னால்தானே தெரியும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம், அதைப் பார்த்து யாராவது திருப்பி அனுப்பினால் 'சார்கோவாக இருக்குமா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கிருமித்தொற்றாகவும் இருக்கலாம், ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். மூன்றில் எதற்கும் பிடித்துவிடுவது மருந்தல்ல.

மகள்_நிலா

கூட்டிட்டுப் போனோம். நீங்க சொன்னதுதான். முழங்கால் வரைக்கும் கட்டு போட்டுட்டாங்க, காலை ஊன்றவே கூடாதாம். ரொம்ப நன்றி ஐயா. நான் எண்ணெய் எல்லாம் எடுத்து வச்சிருந்தேன்.

எலும்புக்கூடு

நல்லது அம்மா. இந்த வாய்ப்பில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிசியோ வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது எங்கே கை வைக்கக் கூடாது என்பதைத்தான். ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் ரத்தக்கட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதைப் பிடித்து விடுவது ஆபத்து. பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆளில்லை என்றால் குதிநாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்க வைத்து ஆடுசதையைப் பிழிந்தால் பாதம் அசைய வேண்டும், அசையாவிட்டால் மருத்துவமனை. ராத்திரியோடு ராத்திரியாகப் பெருவிரல் மூட்டு சிவந்து, போர்வை பட்டாலே துடித்தால் கவுட் என்ற மூட்டு அழற்சி. பாதத்தின் ஒரே புள்ளியில் ஓடும்போதெல்லாம் வலி கூடிக்கொண்டே போனால் எலும்பில் மயிரிழை விரிசல்.

சுளுக்கு விஷயத்திலும் ஒன்று உண்டு. வலி கணுமுட்டிக்குக் கீழே இல்லாமல், மேலே இரண்டு எலும்புக்கும் நடுவில் இருந்தால் அது மேல்சுளுக்கு. தாலஸ் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேலே மடக்க மடக்க அகலமான பகுதி உள்ளே நுழைந்து இரண்டு எலும்பையும் விலக்கும். அவற்றைப் பிணைக்கும் லிகமென்ட் கிழிந்த காலில் போய் மடக்கி மடக்கி அமுக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

வெறும்கால்

பெருவிரல் பத்தி யாரும் பேசலையே. எனக்கு இப்ப மேல மடங்கவே மாட்டேங்குது.

வாணி_இயன்முறை

சுருக்கமா: நடக்கும்போது பெருவிரல் சுமார் 60 டிகிரியாவது மேல மடங்கணும். திசு இறுக்கம்னா விரலை நேரா இழுத்துப் பிடிச்சு மேலயும் கீழயும் வழுக்க விடறது, அடியில இருக்கற ரெண்டு குட்டி எலும்புகளை அசைக்கறது எல்லாம் நல்லாவே உதவும். மூட்டுக்கு மேல எலும்பு புடைச்சு, மடக்கினா கல்லுல இடிச்ச மாதிரி நின்னா கையால ஆகாது. கெட்டியான அடிப்பாகம் உள்ள செருப்பு, இல்ல எலும்பு மருத்துவர்.

மாடிப்படி

திரும்ப வந்துட்டேன். பிசியோகிட்ட இதையெல்லாம் சொன்னேன், கோவப்படல, நல்ல மனுஷன். இப்ப அமுக்கினதும் படிப்பயிற்சி, குத்துக்கால் எல்லாம் செய்ய வைக்கறார். வலது கால் 9 செ.மீ. வந்திருக்கு, மறுநாளும் பெருசா குறையல. வீட்டுல செய்ய ரப்பர் பட்டை வாங்கியிருக்கேன். ஆனா பட்டையைக் கட்டி முன்னால சாஞ்சா முட்டறது கூடுதே?

வாணி_இயன்முறை

பட்டை எங்க இருக்கு? முழங்காலுக்குக் கீழ எலும்புமேல ஏறியிருந்தா அது காலெலும்பைப் பின்னால இழுக்கும், நமக்கு வேண்டியதுக்கு நேர் எதிர். ரெண்டு கணுமுட்டிக்கும் கீழ, மடிப்புல படியற மாதிரி இறக்குங்க. மறுமுனையைப் பின்னால தாழ்வா, அசையாத எதுலயாவது கட்டுங்க. பாதத்தை ஒரு தாழ்வான படியில வச்சு, முழங்கால் ரெண்டாவது விரலுக்கு நேரா போகட்டும், உள்ள சாயாம. குதிகால் ஒட்டியே இருக்கணும். வலி துளிகூட வரக் கூடாதுங்கறது மல்லிகன் வச்ச நிபந்தனை. வந்தா பட்டையோட கோணத்தை மாத்துங்க, பல்லைக் கடிக்காதீங்க.

மாடிப்படி

எலும்புமேலதான் இருந்துச்சு மேடம். இறக்கினதும் முட்டல் போயிடுச்சு. கடைசி ஒரு செ.மீ.ல மட்டும் இன்னும் லேசா இருக்கு.

வாணி_இயன்முறை

அது பயிற்சியில போகலாம். சில வாரம் பாத்தும் அதே இடத்துல முட்டினா, இல்ல கால் நடுவுல பூட்டிக்கிட்டா, வீக்கம் திரும்பினா எம்ஆர்ஐ கேளுங்க. முன்பக்கம் எலும்புத் துருத்தலோ, தாலஸ் குருத்தெலும்புல காயமோ எக்ஸ்ரேல தப்பியிருக்கலாம். ஷட்டிலுக்குத் திரும்பறதுக்கு முன்னாடி ஒத்தைக்கால்ல பக்கவாட்டா குதிச்சு நிக்க முடியுதான்னு பாருங்க.

ஜதி

பாதத்துக்கு எக்ஸ்ரே எடுத்தேன். ஐந்தாம் எலும்பு அடியில விரிசல். பூட்ஸ் மாட்டி விட்டிருக்காங்க. எலும்புக்கூடு சார், இது கூடினதுக்கு அப்புறம் கியூபாய்டு சந்தேகத்தோட வரேன்.

எலும்புக்கூடு

வாருங்கள். அநேகமாக அந்தச் சந்தேகமே இருக்காது.